மிசாயோவுக்கென்று ஒரு சீட்டு

பதினெட்டுச் சீட்டின் விதியை மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று யசுஹிகோ குவபாரா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். சொந்தத் தம்பி செத்தபோதுகூடச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அழுதவர்.

'இளமைப் பதினெட்டு' என்று அந்த ரயில் சீட்டுக்குப் பெயர் வைத்தவர் எங்களை மாதிரி ரயில் பித்தர்களைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். எந்த வயதுக்காரரும் வாங்கலாம் என்பதால், முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு மேம்பாலப் படியில் ஓடுகிறவர்கள்தான் பாதிப் பேர். புல்லட் ரயில் கூடாது, விரைவு வண்டி கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் நின்று மூச்சு வாங்குகிற உள்ளூர் வண்டியில் நாள் முழுக்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். முன்பெல்லாம் ஒரு சீட்டில் ஐந்து முத்திரைக்கு இடம் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முத்திரை. இரண்டு பேர் ஒரே சீட்டில் போகலாம், இந்த வாரம் இரண்டு நாள், அடுத்த வாரம் ஒரு நாள் என்று விட்டுவிட்டும் போகலாம். இனிமேல் ஒரு சீட்டு ஒரே ஆளுக்குத்தான். அதுவும் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாளும் சேர்ந்தாற்போலத் தீர்த்துவிட வேண்டும்.

"கொலை! பச்சைக் கொலை!" என்றார் யசுஹிகோ. நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் குரலை உயர்த்தியதெல்லாம் ரயில் விஷயத்தில் மட்டும்தான்.

கணப்பு மேசைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி மிசாயோ நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எனக்குத் தனிச் சீட்டா?"

"ஆமா. அதான் அநியாயம்ங்கறேன்."

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். அநியாயம் இனித்தது.

முப்பது வருடமாக அவர்கள் இருவரும் போனது ஒரே சீட்டில். அது எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். நிலைய வாசலில் அவர் அதை நீட்டி இரண்டு விரலைக் காட்டுவார். ஊழியர் அவரைப் பார்ப்பார், அப்புறம் பின்னால் நிற்கிற மிசாயோவைச் சக்கரம் வைத்த பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே விடுவார். அவர் இறங்கினால்தான் அவள் இறங்கலாம். அவரோ இறங்குகிற ஜாதி இல்லை. ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஓடுவதற்கு மட்டும்தான் இறங்குவார். கோட்டை, ஏரி, வெந்நீர் ஊற்று என்று நாட்டில் உள்ள அத்தனை அழகையும் மிசாயோ பார்த்திருக்கிறாள், எல்லாம் கண்ணாடி வழியாக, பின்னோக்கி ஓடுகிற நிலையில். மதியச் சாப்பாடு, வீட்டிலிருந்து கட்டி வந்த சோற்றுருண்டை.

அதில் ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. வடக்கே கடலோரக் கிளைப்பாதையில் தொராஹமா என்று ஒரு சின்ன நிலையம். எதிர்வண்டிக்கு வழிவிட அங்கே எட்டு நிமிடம் நிற்கும். ஆளில்லாமல் போன நிலைய அலுவலக அறையில் யாரோ உதோன் கடை வைத்திருந்தார்கள். வாசலில் சிவப்புத் துணித்திரை தொங்கும். ஜன்னலோரப் பலகையில் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே ரயிலை வேடிக்கை பார்ப்பார்கள். கண்ணாடியெல்லாம் ஆவி. கடல் பக்க ஜன்னல் யசுஹிகோவுக்கு, நிலையப் பக்க ஜன்னல் அவளுக்கு என்பது குடும்ப வழக்கம். ஆகவே கடலை அவர் பார்த்தார், உதோனை அவள் பார்த்தாள். ஒருமுறை உள்ளேயிருந்த ஒரு பெண் சாப்பிடுகிற குச்சிகளைத் தூக்கி அவளுக்கு வணக்கம்போல் ஆட்டினாள். மிசாயோ சோற்றுருண்டையைத் தூக்கி ஆட்டினாள். தன் வாழ்க்கையில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது அப்போதுதான்.

"இறங்கி ஒரு கிண்ணம் சாப்பிடலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"சீட் போயிடும்" என்பார் அவர், ஒவ்வொரு முறையும்.

இந்த வருடம் மார்ச் மாதம் போவதென்று முடிவானது. யசுஹிகோ வழக்கம்போல் தலையணை பருமனுள்ள கால அட்டவணைப் புத்தகத்தை விரித்து, நான்கு நிறப் பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டார். புதன்கிழமை தகாசாகியில் ஏறுவது, வியாழன் கடலோரப் பாதை, ஞாயிறு இரவு வீடு. அவர் திட்டம் எதிலும் மூச்சுவிட இடம் இருக்காது. நாலு நிமிடத்தில் வண்டி மாற வேண்டுமென்றால் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, மூன்று நிமிடமென்றால் பாட்டே வரும்.

"நான் தொராஹமால இறங்கறேன்" என்றாள் மிசாயோ.

"என்னது?"

"இறங்கறேன். உதோன் சாப்பிடறேன். அடுத்த வண்டில வரேன்."

"அடுத்த வண்டி கிட்டத்தட்ட மூணு மணி நேரம் கழிச்சுடி! மொத்தத் திட்டமும் சரிஞ்சு விழுந்துடும்!"

"உங்க திட்டம் ஏன் சரியணும்? நீங்க போங்க. என் சீட்டு, நான் இறங்கறேன்."

யசுஹிகோ பென்சிலைக் கீழே வைத்தார். தனிச்சீட்டில் இப்படி ஓர் ஓட்டை இருக்கும் என்று விதியை மாற்றியவர்கள்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

"உனக்கு அட்டவணை பாக்கத் தெரியுமா?"

"எழுத்துப் படிக்கத் தெரியும்."

ஒரு வாரம் அவள் அதைப் படித்தாள். சூப்பர் மார்க்கெட்டின் பலகாரப் பிரிவில் நின்றுகொண்டே உருளைக்கிழங்குக் கொரொக்கே பொரித்துவிட்டு வந்து, எண்ணெய் வாசனை போகாத விரலால் நெடுவரிசைகளைத் தடவினாள். அவரைப்போல நிறப் பென்சில் இல்லை, மளிகைச் சீட்டின் பின்பக்கம் போதுமாக இருந்தது. கடைசியில் அவள் தன் வியாழக்கிழமையை அவர் முன்னால் வைத்தபோது, வரி ஏய்ப்புப் பிடிக்க வந்த அதிகாரிபோல் சிவப்புப் பென்சிலோடு குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். தவறு இல்லை. 'பரவாயில்லையே' என்று சொல்ல வாய் திறந்தவர், அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

அப்போது சும்மா இருந்த நேரத்தில் மிசாயோ அவருடைய வியாழக்கிழமையைப் பார்த்தாள். தொராஹமாவைத் தாண்டி வடக்கே போகிற அந்த வண்டியின் நெடுவரிசையில், எறும்புத் தலை அளவுக்கு ஓர் அடையாளம். பக்கத்தின் அடியில் அதற்கு விளக்கம்: தொராஹமாவுக்கு அப்பால் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் யசுஹிகோவுக்கு வார நாளில் லீவு கிடையாது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குக் கிடையாது. முப்பது வருடமும் அவர்கள் போனது சனி ஞாயிறில்தான். அந்த அடையாளத்தைப் பார்க்க அவர் கண்ணுக்கு ஒருநாளும் வேலையே வந்ததில்லை.

"ஏங்க, உங்க இந்த வண்டி..."

"மிசாயோ, நான் நாப்பது வருஷமா அட்டவணை படிக்கறேன். நீ ஒரு வாரமாப் படிக்கற. கொரொக்கேல உப்பு இருக்கா இல்லையான்னு நான் உனக்குச் சொல்றேனா?"

தினமும் சொல்கிறார். மிசாயோ தன் மளிகைச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள்.

லீவு கேட்கப் போனபோது பலகாரப் பிரிவு மேலாளர், அவளுக்கு மகன் வயதுக்காரன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:

"மூணு நாள் சேந்தாப்பலயா? வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா, குவபாரா அம்மா?"

"இல்ல. நான் உயிரோட இருக்கேன். அதுக்குத்தான்."

திரும்பி வரும்போது எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி வாங்கி வருவாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை தகாசாகி நிலைய வாசலில் மிசாயோ தன் சீட்டைத் தானே இயந்திரத்தில் போட்டாள். அந்தப் பக்கம் அது எகிறி வந்து நின்றபோது, உறவுக்காரரை வரவேற்பதுபோல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். யசுஹிகோ பழக்க தோஷத்தில் இரண்டு விரலைக் காட்டிவிட்டு, காட்ட ஆளில்லாமல் அதே விரல்களால் காதைச் சொறிந்துகொண்டார்.

அன்றைக்கு முழுக்க வண்டி வண்டியாக மாறி அகிதாவில் போய்ப் படுத்தார்கள். மறுநாள் காலை கடலோரப் பாதை வண்டியில் ஏறியதும், "இந்த வண்டி தொராஹமா வரை செல்லும்" என்று ஒலிபெருக்கி தெளிவாகவே சொன்னது. யசுஹிகோ கேட்கவில்லை. அறிவிப்பெல்லாம் தெரியாதவர்களுக்கு என்பது அவர் கொள்கை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வண்டிக்கு அடியில் ஓடுகிற இயந்திரத்தின் சத்தத்தைச் சங்கீதம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். மிசாயோவுக்கு இரண்டு தடவை மனசு கேட்கவில்லை. இரண்டு தடவையும் அவர் காலரில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டதோடு நிறுத்திக்கொண்டாள். பையில் அவருக்காக ஒரு சோற்றுருண்டை அதிகமாகவே வைத்திருந்தாள். அது வேறு விஷயம்.

தொராஹமா வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"போயிட்டு வரேன்."

"போ போ. ராத்திரி ஹிரோசாகில பாக்கலாம். நூடுல்ஸ் தொண்டைல மாட்டிக்காமப் பாத்துக்கோ" என்றார் கடலைப் பார்த்தபடி.

நடைமேடையில் கால் வைத்ததும் உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறிய பனி. முப்பது வருடமாகப் பார்த்த இடம். கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போது சின்னதாகவும் சத்தமாகவும் இருந்தது. அவளுக்குப் பின்னால், வண்டிக்குள், இளம் பெண் ஓட்டுநர் யசுஹிகோவிடம் குனிந்து பேசுவது கேட்டது.

"ஐயா, வண்டி இங்கேயே முடியுதுங்க."

"எட்டு நிமிஷம் நிக்கும்மா. எனக்குத் தெரியும்."

"நிக்காதுங்க ஐயா. திரும்பிப் போகுது. சனி ஞாயிறுலதான் மேல போகும்."

புத்தகம் விரிகிற சத்தம். மூக்குக்கண்ணாடி தேடுகிற சத்தம். அப்புறம் புத்தகம் மூடுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் யசுஹிகோ, பல் பிடுங்கப் போகிற பிள்ளை நடையில் இறங்கி வந்தார். எதிர்வண்டியும் வரவில்லை, எதுவும் வரவில்லை. அவர் வந்த வண்டி அவரை விட்டுவிட்டு வந்த வழியே போனது.

மிசாயோ அதைப் பார்த்துச் சிரித்திருப்பாள். ஆனால் அவள் கண் வேறு இடத்தில் இருந்தது. சிவப்புத் துணித்திரையைக் காணோம். கண்ணாடியில் ஆவியும் இல்லை. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

யசுஹிகோ பக்கத்தில் வந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வாய்விட்டே படித்தார்.

"சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும்."

காற்று அடித்தது. இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சிரிச்சுடுங்க" என்றாள் மிசாயோ.

"சிரிக்கலையே."

"உள்ள சிரிக்கறீங்க. காது ஆடுது."

"காத்துக்கு ஆடுதுடி."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் கொடுத்த சோற்றுருண்டையை வாங்கிக்கொண்டார். அது ஒன்று கூடுதல் என்பது கடித்த பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, மெல்லுவதை நிறுத்தினார்.

"என் வண்டி இங்கேயே நின்னுடும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். கொரொக்கேய வச்சு வாயை அடைச்சீங்க."

யசுஹிகோ மிச்சத்தைத் தின்று முடித்தார். பிறகு, தோற்ற தளபதி வரைபடத்தை எடுப்பதுபோல் புத்தகத்தை எடுத்தார். "சரி. மத்தியான வண்டியப் பிடிச்சா ராத்திரி ஹிரோசாகி. ஒண்ணும் குடி முழுகிடல. ரெண்டு பேரும் அதுலயே போயிடலாம்."

"நீங்க போங்க. நான் சனிக்கிழமை வரைக்கும் இங்கதான்."

"என்ன இங்கதான்?"

"இங்கதான் இருக்கப்போறேன். சனிக்கிழமை கடை திறப்பாங்க. சாப்பிட்டுட்டு வரேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு நாள்! சீட்டுல ரெண்டு நாள் அப்படியே வீணாப் போகும்! வரம்பே இல்லாத சீட்டு மிசாயோ அது, நாட்டோட அந்தக் கோடி வரைக்கும் போகலாம்!"

"வரம்பு இல்லைன்னா, போகாம உக்காந்திருக்கவும் வரம்பு இருக்கக்கூடாது."

இப்படி ஒரு வாதத்தை அவர் எந்த ரயில் சங்கக் கூட்டத்திலும் கேட்டதில்லை. சீட்டு வாங்கியவன் அதன் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்து குடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு மதம் மாதிரி. அவர் கண்முன்னால் அவர் மனைவி மதம் மாறிக்கொண்டிருந்தாள்.

மத்தியான வண்டி வந்தபோது அவர் ஏறினார். ஏறுவதா வேண்டாமா என்று ஒரு கால் நடைமேடையிலும் ஒரு கால் படியிலுமாகக் கொஞ்சம் நின்றார். "கழுத்தச் சுத்தித் துணியக் கட்டிக்கோ, காத்து அடிக்குது" என்றார். கதவு மூடிக்கொண்டது. அவள் கையாட்டவில்லை. வண்டி வளைவில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

மேட்டில் ஒரு தங்கும் விடுதி இருந்தது. கதவைத் திறந்த கினுகோ என்கிற அம்மாளை மிசாயோ எங்கேயோ பார்த்திருந்தாள். குச்சிகளைத் தூக்கி ஆட்டிய கை அது.

"சனி ஞாயிறு கீழ ஸ்டேஷன்ல கடை. மத்த நாளு இங்க. உங்க முகம் எனக்கும் எங்கயோ..." என்றவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சோத்துருண்டைக்காரம்மா!"

கதையெல்லாம் கேட்ட பிறகு, "அட, இதுக்குப் போயா ரெண்டு நாளு? அதே ரசந்தான், அதே கைதான். இப்பவே போட்டுத் தாரேன், உக்காருங்க" என்றாள் கினுகோ.

"வேண்டாம். அந்த ஜன்னல்ல உக்காந்துதான் சாப்பிடணும். உள்ள இருந்து ரயிலப் பாக்கணும்."

கினுகோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல அழுத்தக்காரிதான் நீங்க" என்று சொல்லிவிட்டு உதோனுக்குப் பதிலாக மீன் வறுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மிசாயோ ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது அவளுக்கு வராத வேலை. கினுகோ எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே மாவைப் போடுவதைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கடற்கரைக்கு எழுந்து போய்விட்டாள். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். கடல் பக்க ஜன்னல் வழியாக முப்பது வருடம் இவர் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது. மோசமில்லை. இந்நேரம் அவர் ஓதாதேயில் வண்டி மாறியிருப்பார், மூன்று நிமிட மாற்றம், பாட்டுப் பாடிக்கொண்டே ஓடியிருப்பார் என்று தன்னிச்சையாக மனம் கணக்குப் போட்டது. அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு வாரம் அட்டவணை படித்ததற்கு இந்தத் தண்டனையா? ஆனால் அவருக்குத் துணையாக ஓட யாருமில்லை என்ற நினைப்பு வந்தபோது கழுத்துத் துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை சிவப்புத் துணித்திரை ஏறியது. அதைக் கட்டியதே மிசாயோதான். ஜன்னலோரப் பலகையில் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் இரண்டு மீனவர்கள், இன்னொரு பக்கம் காலி. கிண்ணம் வந்தது. ஆவி முகத்தில் ஏறியது. முதல் வாய் ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். கொஞ்சம் உப்பு கம்மி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு வெளியே ரயில் வந்து நின்றது.

கடல் பக்க இருக்கைகள் பாதி காலியாக இருந்தன. நிலையப் பக்க ஜன்னல் ஒன்றில் மட்டும் ஒரு மூக்கு கண்ணாடியில் அமுங்கி வெள்ளையாகத் தெரிந்தது. வடக்கே போனவர், ஹிரோசாகியிலிருந்து சுற்றிக்கொண்டு மறுபடி அகிதாவுக்கு வந்து, முந்தாநாள் ஏறிய அதே வண்டியில், முப்பது வருடமாக அவள் உட்கார்ந்த பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தார்.

மிசாயோ குச்சிகளைத் தூக்கி ஆட்டினாள்.

யசுஹிகோ எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அட்டவணைப் புத்தகத்தை இருக்கையில் இடம் பிடிக்க வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். துணித்திரையைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார்.

"பக்கத்துல ஆள் வருதா?"

"சீட் போயிடுமே உங்களுக்கு?"

"புத்தகம் வச்சிருக்கேன். ஆறு நிமிஷம் இருக்கு, சீக்கிரம் சாப்பிட்டா ரெண்டு பேரும் இதுலயே ஏறிடலாம். இத விட்டா வடக்கே சுத்திக்கிட்டு நாளைக்கு வீடு போய்ச் சேர முடியாது, திங்கள் உனக்கு வேலை, நான் எல்லாம் பாத்துட்டேன், புல்லட் ரயில்லதான் போகணும்..." கடைசி வார்த்தையை அவர் கெட்ட வார்த்தைபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உக்காருங்க" என்றாள் மிசாயோ. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "கினுகோ அக்கா, இவருக்கு ஒண்ணு. சூடா. நல்லாக் கொதிக்கக் கொதிக்க."

கினுகோவுக்கு ஒரு வார்த்தை போதும். கிண்ணம் எரிமலை வாயைப் பெயர்த்து வைத்த மாதிரி வந்து இறங்கியது. யசுஹிகோ அவசரமாக ஒரு வாய் இழுத்தார், கண்ணில் தண்ணீர் முட்டியது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை. மீனவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எதிர்வண்டி வந்தது. மணி அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி மெல்ல நகர்ந்தது. நிலையப் பக்க ஜன்னலில் அட்டவணைப் புத்தகம் தனியாக உட்கார்ந்து வடக்கே போவது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்தது.

"ஏய், புத்தகம்..." யசுஹிகோ வாய் நிறைய நூடுல்ஸோடு பாதி எழுந்தார்.

மிசாயோ அவர் சட்டையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள்.

"ஊதிச் சாப்பிடுங்க."